வெந்தூ மலையில் விழுந்த உலக சாம்பியன்: டாம் சிம்ப்சனின் உயிரைப் பறித்தது மாத்திரை மட்டும்தானா?

1967, ஜூலை 13. பிரான்ஸின் தெற்கே, புரோவான்ஸ் பகுதியில் இருக்கும் மோன் வெந்தூ மலை. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 13வது கட்டம். உச்சிக்கு இன்னும் சுமார் ஒரு கிலோமீட்டர்தான் பாக்கி. அந்த இடத்தில் பிரிட்டனின் டாம் சிம்ப்சன் சைக்கிளோடு சரிந்தார். அப்போது அவருக்கு வயது 29. ஆண்கள் தொழில்முறை சாலைப் பந்தயத்தில் உலக சாம்பியன் பட்டம் வென்ற முதல் பிரிட்டிஷ் வீரர். மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். அன்று மாலை 5.40 மணிக்கு அவிஞ்ஞோன் நகர மருத்துவமனையில் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

அவருடைய ஜெர்சியின் பின் பாக்கெட்டில் மூன்று மாத்திரைக் குழாய்கள் கிடைத்தன. இரண்டு காலி, ஒன்று பாதி. உள்ளே இருந்தது ஆம்ஃபெட்டமைன் வகை மாத்திரை.

அதனால் கதை ரொம்ப சிம்பிளாகத் தெரியும்: மாத்திரை போட்டார், செத்துப்போனார். ஆனால் பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு வந்த முடிவு அவ்வளவு சிம்பிள் இல்லை. ஒரு ஊக்க மருந்து உடலுக்குள் எப்படி நஞ்சாக மாறுகிறது, அதை எப்படி அடையாளம் காண்பது, அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள சிம்ப்சனின் வாழ்க்கையைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

யார் இந்த டாம் சிம்ப்சன்?

1937 நவம்பர் 30ஆம் தேதி, இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் இருக்கும் ஹாஸ்வெல் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஆறு பிள்ளைகளில் டாம் கடைக்குட்டி. பின்னர் குடும்பம் நாட்டிங்ஹாம்ஷயரில் ஹார்வொர்த் என்ற இன்னொரு சுரங்க ஊருக்குக் குடிபெயர்ந்தது. சிறுவன் டாம் அங்கே சைக்கிளில் வீடு வீடாக மளிகைச் சாமான் டெலிவரி செய்தான். நல்ல ரேஸ் சைக்கிள் ஒன்றை வாடிக்கையாளர் ஒருவரிடம் மாற்றி வாங்கிக்கொண்டதும் அந்த நாட்களில்தான்.

ஒல்லியான உடம்பு. ஆனால் மேடு ஏறுவதில் கில்லாடி. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் குழு பர்சூட் பிரிவில் வெண்கலம். 1958 கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் தனிநபர் பர்சூட்டில் வெள்ளி. இரண்டுமே வட்டத் தடத்தில் ஓட்டும் போட்டிகள். அவருடைய கனவோ சாலைப் பந்தயம். அன்றைக்கு அதன் தலைநகரங்கள் பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி. பிரிட்டனில் இருந்துகொண்டு அதைத் தொட முடியாது.

1959இல் 100 பவுண்டு சேமிப்பையும் இரண்டு சைக்கிளையும் எடுத்துக்கொண்டு பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில் உள்ள சான் பிரியூ ஊருக்குக் கிளம்பிவிட்டார். அப்போது வயது 21. அதே ஆண்டிலேயே தொழில்முறை அணியில் இடம் கிடைத்தது. அந்த ஊரில்தான் ஹெலனைச் சந்தித்தார். 1961இல் கல்யாணம். பிறகு பெல்ஜியத்தின் கென்ட் நகரில் குடியேறினார்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்ததில் பலவும் பிரிட்டனுக்கு முதல் முறை. 1961இல் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் வெற்றி. 1962 டூர் டி பிரான்ஸில் மஞ்சள் ஜெர்சி அணிந்த முதல் பிரிட்டிஷ்காரர். ஒரே ஒரு நாள்தான் அது அவர் உடம்பில் இருந்தது, ஆனாலும் மொத்தத்தில் ஆறாவதாக முடித்தார். 1963இல் 550 கிலோமீட்டருக்கு மேல் நீளும் போர்தோ - பாரிஸ் பந்தயம். 1964இல் மிலான் - சான் ரெமோ. 1965இல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில் உலக சாம்பியன் பட்டம். அந்த ஆண்டு பிபிசியின் சிறந்த விளையாட்டு ஆளுமை விருதும் அவருக்குத்தான்.

பத்திரிகைகளுக்கும் செல்லப் பிள்ளை. வட்டத் தொப்பி, கையில் குடை என்று அசல் ஆங்கிலக் கனவான் வேஷத்தில் போட்டோவுக்கு போஸ் கொடுப்பார். சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு இந்த வேஷம் எவ்வளவு கிண்டல் என்று அவருக்கும் தெரியும், பார்ப்பவர்களுக்கும் தெரியும்.

1967இல் அவருக்கு என்ன நெருக்கடி?

1966 அவருக்கு மோசமான ஆண்டு. ஜனவரியில் பனிச்சறுக்கில் கால் உடைந்தது. சீசனின் பெரும்பகுதி வீண். 1967இன் தொடக்கத்தில் பாரிஸ் - நீஸ் பந்தயத்தை வென்று திரும்பி வந்தார். அப்போது அவருடைய பெஜோ அணியில் இருந்த இளைஞர், பின்னாளில் இந்த விளையாட்டின் மிகப்பெரிய பெயராக மாறிய எடி மெர்க்ஸ்.

ஆனால் அந்தக் கால வீரர்களின் வருமானக் கணக்கு வேறு மாதிரி. பந்தயப் பரிசைவிட, டூர் முடிந்த பிறகு ஊர் ஊராக நடக்கும் காட்சிப் பந்தயங்களில்தான் காசு. அதற்கு எவ்வளவு தருவார்கள் என்பதை டூரில் எத்தனையாவது இடம் என்பதே முடிவு செய்யும். வயது 30ஐ நெருங்குகிறது. இன்னும் எத்தனை சீசன் என்று தெரியாது. டூரில் நல்ல இடம் பிடித்தே ஆக வேண்டும் என்ற அழுத்தம் அவருடைய ஏஜென்ட்டிடமிருந்தும் வந்தது.

ஆல்ப்ஸ் மலைப் பகுதியைக் கடக்கும்போதே சிம்ப்சனுக்கு வயிறு கெட்டுவிட்டது. வயிற்றுப்போக்கு, சரியாகச் சாப்பிட முடியவில்லை. உடம்பில் நீர்ச்சத்து குறைந்துகொண்டே வந்தது. ஆனாலும் முதல் பத்து பேருக்குள் இருந்தார். விலக மனசு வரவில்லை.

அந்தக் காலத்தில் ஊக்க மருந்து எந்த அளவுக்கு இருந்தது?

ஆம்ஃபெட்டமைனை முதன்முதலில் தயாரித்தது 1887இல், பெர்லினில், லாசர் எடெலியானு என்ற ருமேனிய வேதியியலாளர். 1930களில் அது மூக்கடைப்புக்கான மருந்தாக மருந்துக் கடைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் ராணுவங்கள் தூக்கத்தை விரட்ட இதே வகை மாத்திரைகளைக் கொடுத்தன. போர் முடிந்த பிறகு விளையாட்டுக்குள் நுழைந்தது. 1950, 60களில் ஐரோப்பிய சைக்கிள் உலகில் இது ரகசியமே இல்லை. ஐந்து முறை டூர் வென்ற ஜாக் அங்கெட்டில், ஊக்க மருந்து சோதனையை வெளிப்படையாகவே எதிர்த்தார்.

1965இல் பிரான்ஸ் ஊக்க மருந்துக்கு எதிராகச் சட்டம் போட்டது. 1966இல் டூரின் நடுவே, போர்தோவில் முதல் சோதனை நடந்தது. மறுநாள் வீரர்கள் சைக்கிளைவிட்டு இறங்கி நடந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். ஆக, சிம்ப்சன் தனியாக ஒரு தப்பு செய்தவர் அல்ல. எல்லோரும் செய்வதைச் செய்தவர். அது அவரை நியாயப்படுத்தாது. ஆனால் அவர் பாக்கெட்டில் ஏன் மூன்று குழாய் இருந்தது என்பதை விளக்கும்.

எச்சரிக்கை மணி முன்பே அடித்ததா?

அடித்தது. அதுவும் அதே மலையில். 1955 டூரில், இதே வெந்தூ மலையேற்றத்தில் ஜான் மலேஜாக் என்ற பிரெஞ்சு வீரர் சரிந்து விழுந்தார். ஒரு கால் பெடலில் மாட்டியிருக்க, இன்னொரு கால் காற்றில் மிதித்துக்கொண்டே இருந்தது. டூரின் மருத்துவர் பியர் துமா அவருக்கு ஆக்ஸிஜன் கொடுத்தார், ஊசி போட்டார். கால் மணி நேரம் கழித்துத்தான் நினைவு திரும்பியது. மலேஜாக் பிழைத்தார்.

12 வருடம் கழித்து, 1967 ஜூலை 13 காலை, துமாவே இன்னும் டூரின் மருத்துவர். அன்றைய வெயிலைப் பார்த்துவிட்டு, இன்று யாராவது மாத்திரை போட்டு மலை ஏறினால் ஒரு உயிர் போகலாம் என்று பத்திரிகையாளர்களிடம் அவர் கவலைப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

வெந்தூவில் என்ன நடந்தது?

அன்றைய பாதை மார்செய்யில் தொடங்கி கார்பான்த்ராவில் முடிகிறது. 200 கிலோமீட்டருக்கு மேல். நடுவே 1,900 மீட்டர் உயர வெந்தூ. மேல் பகுதியில் மரமே கிடையாது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை வெயிலை அப்படியே முகத்தில் திருப்பி அடிக்கும்.

தண்ணீர்? இதை இன்று கேட்டால் நம்ப முடியாது. அந்தக் காலத்தில் ஒரு வீரருக்கு நாள் முழுவதுக்கும் அணி கொடுத்தது சில பாட்டில்கள்தான். உடன் வரும் காரிலிருந்து நினைத்தபோதெல்லாம் தண்ணீர் வாங்கக் கூடாது. அதனால் வழியில் இருக்கும் மதுக் கடைகளுக்குள் வீரர்கள் புகுந்து கையில் கிடைத்ததை எடுத்துக் குடிப்பது வழக்கம். சிம்ப்சன் அன்று மலையடிவாரத்தில் பிராந்தி குடித்தார் என்பது பரவலாகப் பதிவான தகவல். உடலில் மது இருந்ததைப் பிரேதப் பரிசோதனையும் உறுதி செய்தது.

ஏற்றத்தில் முன்னணி வீரர்களிடமிருந்து அவர் பின்தங்கினார். உச்சியை நெருங்கும்போது சைக்கிள் சாலையின் இரு பக்கமும் வளைந்து வளைந்து போனது. முதல் முறை விழுந்தார். அணியின் மெக்கானிக் ஹாரி ஹால், இத்தோடு போதும் என்று நிறுத்தப் பார்த்தார். சிம்ப்சன் கேட்கவில்லை. தன்னைத் தூக்கி சைக்கிளில் ஏற்றச் சொன்னார், கால் பட்டையை இறுக்கச் சொன்னார். ஏற்றிவிட்டார்கள். சில நூறு மீட்டர் போனார். மறுபடியும் தள்ளாடினார். இந்த முறை நினைவில்லை. கைகள் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்திருந்தன. விரல்களைப் பிரித்துத்தான் அவரை இறக்கிப் படுக்க வைத்தார்கள்.

வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்தார்கள். துமா வந்தார். இதய மசாஜ், ஆக்ஸிஜன் எல்லாம் நடந்தது. சுமார் 40 நிமிடம் கழித்து போலீஸ் ஹெலிகாப்டர் அவரை அவிஞ்ஞோனுக்குக் கொண்டுபோனது.

மாத்திரை மட்டும்தான் காரணமா?

பிரேதப் பரிசோதனையில் ஆம்ஃபெட்டமைன் இருந்தது உறுதியானது. ஆனால் மரணத்துக்கான காரணமாகச் சொல்லப்பட்டது, மிதமிஞ்சிய களைப்பால் இதயம் செயலிழந்தது. கடும் வெயிலுக்கும், உழைப்புக்கும், மருந்துக்கும் அதில் பங்கு உண்டு. அந்த அளவு மருந்து தனியாக அவரைக் கொன்றிருக்காது. தன் உடம்பின் எல்லையைத் தாண்டிப் போக அவரை அது அனுமதித்தது என்பதே நிபுணர்களின் முடிவு.

இந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. ஊக்க மருந்து நச்சு என்றால் அளவுக்கு அதிகமாகப் போட்டால்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. நேற்று தாங்கிய அதே அளவு, இன்று வெயில், நீரிழப்பு, மது, ஓயாத உழைப்பு ஆகியவற்றோடு சேரும்போது உயிரை எடுக்கலாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஆம்ஃபெட்டமைன், கொக்கெய்ன், மெத், எம்டிஎம்ஏ எல்லாம் ஸ்டிமுலன்ட் குடும்பம். மூளையிலும் நரம்புகளிலும் டோபமைன், நார்அட்ரீனலின் போன்ற ரசாயனங்களின் அளவை இவை ஏற்றிவிடுகின்றன. புலி துரத்தினால் உடம்பு எப்படித் தயாராகுமோ, அந்த நிலை. இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், தூக்கம் போகும், பசி போகும்.

சிக்கல் மூன்று இடத்தில்.

ஒன்று, களைப்பு. களைப்பு என்பது உடம்பு போடும் பிரேக். மருந்து அந்த உணர்வை மறைத்துவிடுகிறது. உடல் சூடாகிக்கொண்டே போகும், ஆனால் நிறுத்தத் தோன்றாது.

இரண்டு, தோல். உள்ளே உருவாகும் சூட்டை ரத்தம் தோலுக்குக் கொண்டுவந்து வெளியேற்றுகிறது. மருந்து தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இன்ஜின் முழு வேகத்தில் ஓடுகிறது, ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, இதயம். அதற்கு ஆக்ஸிஜன் அதிகம் தேவைப்படும் நேரத்தில் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் சுருங்கலாம். துடிப்பின் ஒழுங்கு கெடலாம். வயிற்றுப்போக்கால் நீரும் உப்பும் இழந்த உடம்பில் இந்த ஆபத்து இன்னும் கூடும். மது நீரிழப்பைக் கூட்டும், நிதானத்தையும் குறைக்கும்.

உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது அவசர நிலை. மூளை குழம்பும். தசைகள் சிதைந்து, அதிலிருந்து வெளியாகும் பொருட்கள் சிறுநீரகத்தை அடைக்கும். ரத்தம் உறையும் முறை கெடும், கல்லீரல் பாதிக்கப்படும். நிமிடங்கள் முக்கியம்.

இது பழைய காலத்துப் பிரச்சினைதானே?

இல்லை. பார்ட்டிகளில் புழங்கும் போதைப் பொருட்கள் மட்டுமல்ல. கவனக்குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மாத்திரையை இன்னொருவர் வாங்கி இரவு முழுவதும் வேலை பார்ப்பதும் இதில் சேரும். மெஃபென்டர்மின் ஊசி இன்னொரு உதாரணம். அறுவை சிகிச்சையின்போது ரத்த அழுத்தம் விழாமல் இருக்கக் கொடுக்கப்படும் மருந்து அது. இந்தியாவில் சில உடற்பயிற்சிக் கூடங்களில் அதை ஊக்க மருந்தாகப் போட்டு, அடிமையாகி, மனநோய் அறிகுறிகளோடு சிகிச்சைக்கு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடிகளையும் கேஃபீன் மாத்திரைகளையும் அளவில்லாமல் எடுத்தாலும் இதயம் தாறுமாறாக அடிக்கலாம்.

டெட்லைன், தூக்கமின்மை, சாப்பாடு இல்லை, மேலே ஒரு மாத்திரை. சிம்ப்சனின் மலை உங்களுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். அந்தக் கூட்டணி பழக்கமானதுதான்.

எப்படி அடையாளம் காண்பது?

ஆரம்ப அறிகுறிகள்: நிற்காத பேச்சு, உட்கார முடியாத பதற்றம், பல்லைக் கடிப்பது, கண்ணின் பாப்பா பெரிதாக விரிவது, வியர்வை, கை நடுக்கம், படபடப்பு. காரணமில்லாத பயம், யாரோ துரத்துகிறார்கள் என்ற சந்தேகம், இல்லாத குரல் கேட்பது ஆகியவையும் வரலாம்.

உடனே ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய அறிகுறிகள்:

- நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்
- தொட்டால் கொதிக்கும் உடம்பு. வியர்வை இருந்தாலும் சரி, நின்றுபோயிருந்தாலும் சரி
- குழப்பம், இடம் ஆள் தெரியாமை, தள்ளாட்டம்
- வலிப்பு
- ஒரு பக்கக் கை கால் பலவீனம், வாய் கோணல், திடீரென்று தாங்க முடியாத தலைவலி
- கட்டுப்படுத்த முடியாத வெறி, அதன் பிறகு திடீரென்று அமைதியாகிச் சரிவது

கடைசி அறிகுறியைக் கவனியுங்கள். கத்திக்கொண்டிருந்தவர் அடங்கிவிட்டால் போதை தெளிந்துவிட்டது, தூங்கட்டும் என்று விட்டுவிடுவோம். உண்மையில் நிலைமை மோசமாகியிருக்கலாம்.

இன்னொன்று. பாதிக்கப்பட்டவர் தனக்கு ஒன்றுமில்லை, விடுங்கள் என்றுதான் சொல்வார். சிம்ப்சனும் மறுபடி சைக்கிளில் ஏற்றத்தான் சொன்னார். சூடேறிய மூளை எடுக்கும் முடிவு அது. அவர் பேச்சை நம்பாதீர்கள், அறிகுறியை நம்புங்கள்.

பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம்?

108ஐ அழையுங்கள். காத்திருக்கும் நேரத்தில்:

- ஓட்டம், ஆட்டம், உடற்பயிற்சி எதுவாக இருந்தாலும் நிறுத்துங்கள். நிழலுக்கோ ஏசி அறைக்கோ கொண்டுபோங்கள்.
- உடம்பு கொதித்தால் குளிர்விப்பதை உடனே தொடங்குங்கள். மேல்துணியைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேன் போடுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள்.
- கூட்டம் வேண்டாம், சத்தம் வேண்டாம். ஒருவர் மட்டும் மெதுவான குரலில் பேசுங்கள்.
- நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்காதீர்கள், கட்டிப் போடாதீர்கள். திமிறத் திமிற உடல் வெப்பம் இன்னும் ஏறும்.
- நினைவில்லாமல் மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லை என்றால் உடனே சிபிஆர்.
- வலிப்பு வந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவியும் வேண்டாம்.

முழு நினைவோடு இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தரலாம். லிட்டர் கணக்கில் குடிக்க வைக்காதீர்கள். எம்டிஎம்ஏ எடுத்தவர்களுக்கு அதனால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மோர், எலுமிச்சைச் சாறு போட்டு இறக்குவது, வாந்தி எடுக்க வைப்பது, வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையைக் கொடுப்பது எதுவும் வேண்டாம். பாராசிட்டமாலும் பயன்படாது. அது காய்ச்சலுக்கான மருந்து. இது காய்ச்சல் அல்ல.

என்ன எடுத்தார், எவ்வளவு, எப்போது, கூட மது உண்டா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அட்டையோ பாட்டிலோ இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடும், போலீஸ் வந்துவிடும் என்ற பயத்தில் போகும் ஒவ்வொரு நிமிடமும் அந்த உயிரின் கணக்கில் கழிகிறது.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

ஆம்ஃபெட்டமைனுக்கு என்று தனியாக ஒரு முறிவு மருந்து கிடையாது. ஓபியாய்டு போதைக்கு நாலாக்சோன் இருப்பதைப் போல இதற்கு இல்லை. சிகிச்சை என்பது மருந்து வெளியேறும் வரை உடம்பைக் காப்பாற்றிவைப்பது.

முதல் ஆயுதம் பென்சோடயசிபைன் வகை மருந்துகள். டயசிபாம், லோரசிபாம், மிடசோலாம் போன்றவை. பதற்றம், வலிப்பு இரண்டையும் அடக்கும். இதன் பலனாக இதய வேகம், ரத்த அழுத்தம், உடல் வெப்பம் மூன்றும் இறங்கத் தொடங்கும். கூடவே உள்வெப்பத்தை அளந்து, ஐஸ் தண்ணீரிலோ ஈரத்துணியும் மின்விசிறியும் வைத்தோ வேகமாகக் குளிர்விப்பார்கள். எதற்கும் இறங்காமல் வெப்பம் ஏறிக்கொண்டே போனால், தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்து வென்டிலேட்டரில் வைப்பார்கள். தசை ஓய்ந்தால்தான் சூடு உற்பத்தி நிற்கும்.

நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவார்கள். இசிஜி எடுப்பார்கள். ரத்தச் சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம், தசைச் சிதைவைக் காட்டும் அளவுகளைப் பார்ப்பார்கள். மாத்திரை விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் ஆக்டிவேட்டட் கரி கொடுக்கலாம். ரத்த அழுத்தம் இறங்காவிட்டால் அதற்கும் தனி மருந்து உண்டு. ஆனால் கொக்கெய்ன் எடுத்தவருக்கு பீட்டா பிளாக்கரை மட்டும் கொடுப்பதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அழுத்தம் இன்னும் ஏறலாம் என்பதால்தான். என்ன எடுத்தார் என்று உண்மையைச் சொல்லச் சொல்வது இதற்காகத்தான்.

சிம்ப்சன் விழுந்தபோது வெந்தூவில் ஐஸ் தொட்டி இல்லை. உழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்குக்கு விளையாட்டு மருத்துவம் இன்று சொல்லும் முதல் விதி, முதலில் குளிர்வி, பிறகு ஏற்றிச் செல் என்பது. அது இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முதல் முறை விழுந்ததற்கும் இரண்டாம் முறை விழுந்ததற்கும் இடையே இருந்த அந்தச் சில நூறு மீட்டர், அவரை நிறுத்தியிருக்கக்கூடிய கடைசி இடம். ஹாரி ஹால் நிறுத்தத்தான் பார்த்தார். உலக சாம்பியனிடம் முடியாது என்று சொல்லும் அதிகாரம் அன்று ஒரு மெக்கானிக்குக்கு இல்லை.

அதற்குப் பிறகு?

மறுநாள் பந்தயத்தில் பிரிட்டிஷ் அணியின் பாரி ஹோபன் முதலாவதாகக் கோட்டைக் கடந்தார். மற்றவர்கள் மரியாதைக்காக வழிவிட்டிருந்தார்கள். ஹார்வொர்த்தில் நடந்த இறுதி நிகழ்வுக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் வந்தார்கள். இளம் மெர்க்ஸும் வந்திருந்தார்.

1967இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி மருத்துவக் குழு ஒன்றை அமைத்தது. 1968 ஒலிம்பிக் போட்டிகளில் ஊக்க மருந்து சோதனை முறையாகத் தொடங்கியது. டூரிலும் சோதனை தீவிரமானது. அதன் பிறகும் சைக்கிள் உலகம் திருந்தவில்லை என்பது வேறு கதை. மருந்துகளின் பெயர்தான் மாறியது. தண்ணீர்க் கட்டுப்பாடு மட்டும் காலப்போக்கில் காணாமல் போனது. இன்று டூரில் வெயில் நாளில் வீரர்களுக்குப் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரும், கழுத்தில் வைக்க ஐஸும் கிடைக்கின்றன.

அவர் விழுந்த இடத்தில் 1968இல் ஒரு கருங்கல் நினைவுச் சின்னம் வைத்தார்கள். 1970இல் அந்த வழியாக முன்னணியில் ஏறிய மெர்க்ஸ், அதைக் கடக்கும்போது தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். அன்று உச்சியில் பந்தயத்தை வென்ற அவருக்கே ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போதும் வெந்தூவில் சைக்கிளில் ஏறுபவர்கள் சிம்ப்சனின் கல்லருகே நின்று, கையில் இருப்பதை அங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் அது ஒரு தண்ணீர் பாட்டில்.

(இது பொதுவான தகவல் மட்டுமே, மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அல்ல. அவசரத்துக்கு 108. போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்பட்டால் 14446 என்ற இலவச தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.)